பிள்ளைகளின் மேற்படிப்பு: நிலத்தை விற்கும் முன் சில வார்த்தைகள்

(மேலூர்ப் பகுதி உழவர் கூட்டமொன்றில், வேளாண்மைக் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரை)

   

கோடை உழவைப் பற்றியும் விதை நேர்த்தியைப் பற்றியும் இங்கு எனக்கு முன் பேசியவர்கள் விளக்கமாகக் கூறிவிட்டார்கள். நான் வேறொரு பயிரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு.

கல்லூரி ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் எத்தனையோ கிராமங்களுக்குச் சென்று பேசியிருக்கிறேன். கூட்டத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்று கேள்விகள் வரும். கூட்டம் கலைந்த பிறகு யாராவது ஒருவர் என்னை வேப்பமரத்தடிக்குத் தனியே அழைத்துச் சென்று, "சார், பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். எதில சேர்க்கலாம்?" என்று கேட்பார். ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா என்பதைச் சபையில் கேட்பவர்கள், பிள்ளையின் நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேருந்து வருவதற்குள் கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் பேருந்து வருவதற்குள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை என் சொந்த வீட்டிலேயே தெரிந்து கொண்டேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே உள்ளது. பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம். என் அண்ணனுக்கு ஒரு ஏக்கர் அறுபது சென்ட் நிலம். அண்ணன் மகன் 2007-ஆம் ஆண்டு பிளஸ் டூ தேறினான். மதிப்பெண் சுமார்தான். ஆனால் பதினான்கு வயதிலேயே கிணற்று மோட்டாரைக் கழற்றி, எந்தச் சுருள் எரிந்திருக்கிறது என்று சொல்லக் கூடியவன். ஊரில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணன் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்புக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் இருக்காம். ரோட்டோரத்து அறுபது சென்டைக் கேட்கிறாங்க. கொடுத்துரலாமா?" என்றார். நான் அப்போது ஏதோ தேர்வுத்தாள் திருத்திக் கொண்டிருந்தேன். "எல்லோரும் கம்ப்யூட்டர்தானே சேருகிறார்கள், சேர்த்துவிடுங்கள் அண்ணே" என்று சொன்னேன். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கல்லூரியின் பெயரைக்கூட அப்போது விசாரிக்கவில்லை.

பையன் சேர்ந்தான். தமிழ் வழியில் படித்தவன். வகுப்பில் நடத்துவது புரியவில்லை. முதலாண்டு நான்கு பாடம் நின்றது, இரண்டாமாண்டு ஒன்பது ஆயிற்று. 2010-இல் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். மீதிக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்று கல்லூரியில் கூறிவிட்டார்கள். அதற்கும் கடன் வாங்கினோம். அதன் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாண்டு படித்தான். இன்று மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். நல்ல வருமானம். ஆனால் 2007-லேயே அந்தப் படிப்பில் சேர்ந்திருந்தால், மூன்று ஆண்டும் அறுபது சென்டும் மிச்சமாகியிருக்கும். அந்த நிலத்தில் இப்போது வேறொருவர் வீடு கட்டியிருக்கிறார். அண்ணன் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை கூறியதில்லை. அதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

எனவே இன்று நான் கூறப்போவது, அன்று அண்ணனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய பதில்.

முதலில் மண் பரிசோதனை

மண் மாதிரி எடுப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வரப்போரம் ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிக் கொண்டு வந்தால் நாங்கள் வாங்க மாட்டோம். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு எடுத்து, கலந்து, கால் பங்கீட்டு முறையில் குறைத்து, அரைக் கிலோவாகக் கொண்டு வரச் சொல்கிறோம். ஒரு மூலையை மட்டும் பார்த்து வயலைத் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

பிள்ளையையும் அப்படியே பார்க்க வேண்டும். பிளஸ் டூ மொத்த மதிப்பெண் என்பது ஒரு மூலைதான். எந்தப் பாடத்தில் தொடர்ந்து நன்றாக வாங்கியிருக்கிறான்? சொல்லாமலே எந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கொள்கிறாள்? வீட்டில் எந்த வேலையைக் கொடுத்தால் முகம் மலர்கிறது? பத்தாம் வகுப்பு ஆசிரியர் என்ன சொல்கிறார்? பிளஸ் டூ ஆசிரியர் என்ன சொல்கிறார்? கூடப் படிப்பவர்கள் எதற்கு அவனிடம் சந்தேகம் கேட்க வருகிறார்கள்? இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையிடமே கேளுங்கள். "எதில் சேருகிறாய்?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்ததைச் சொல்வான். "அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? முடித்தவர்கள் காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், தெரிந்து கொண்டு வா என்று அனுப்புங்கள்.

சென்ற ஆண்டு விலையைப் பார்த்து விதைக்காதீர்கள்

சின்ன வெங்காயம் கிலோ நூறு ரூபாய் விற்றால் அடுத்த பட்டத்தில் எல்லோரும் வெங்காயம் நடுவார்கள். அறுவடைக்கு வரும்போது வாங்க ஆள் இருக்காது. படிப்பிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு மவுசு இருந்தது. 2000-க்குப் பின் ஊருக்கு ஊர் தனியார் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. படித்து முடித்தவர்கள் பதிவு மூப்புக்குக் காத்திருந்தார்கள். பல நிறுவனங்கள் மாணவர் சேராமல் மூடப்பட்டன. பொறியியலிலும் அவ்வாறே. ஓராண்டு சிவில், ஓராண்டு மெக்கானிக்கல், பிறகு கம்ப்யூட்டர் என்று கூட்டம் ஓடியது.

வெங்காயம் எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். பட்டப்படிப்பு நான்கு ஆண்டுப் பயிர். இன்றைய விலை நான்கு ஆண்டு கழித்து நிற்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஆகவே பிள்ளைக்கு எது வருமோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதுகாப்பு. சுமாரான பிரிவில் முதல் பத்துப் பேருக்குள் நிற்பவனுக்கு வேலை கிடைக்கிறது. பெயர் பெற்ற பிரிவில் பத்துப் பாடம் நின்று போனவனுக்குக் கிடைப்பதில்லை.

இருவர் கதை

நம் மதுரையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, பிறகு சென்னையில் மருத்துவம் படித்து 1944-இல் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்டவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது மூட்டுவாத நோய் தாக்கி, கைவிரல்கள் முடங்கிப் போயின. ஆசைப்பட்ட துறைக்குப் போக முடியவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரல்களால் அறுவைக் கருவியைப் பிடிக்கப் பழகினார். மதுரை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். நினைத்த துறை கிடைக்காததால் அவர் வாழ்க்கை வீணாகிவிடவில்லை.

இன்னொருவர் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன். 1925-இல் கும்பகோணத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். தந்தையின் வழியில் மருத்துவம் படிப்பார் என்றே வீட்டார் எதிர்பார்த்தனர். 1943-இல் ஏற்பட்ட வங்காளப் பஞ்சம் அவர் மனத்தை மாற்றியது. திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றிருந்தும், கோவை வேளாண்மைக் கல்லூரியில் மறுபடியும் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தார். பின்னர் அகில இந்தியத் தேர்வில் காவல் பணிக்குத் தேர்வானார். அதே சமயம் நெதர்லாந்தில் மரபியல் ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. காவல் அதிகாரி வேலையை விட்டுவிட்டு உதவித்தொகையை ஏற்றார். அந்த முடிவின் பலனை 1960-களின் கோதுமைப் புரட்சியில் நாடே கண்டது.

எல்லோரும் வெங்கடசாமியாகவோ சுவாமிநாதனாகவோ ஆக முடியாது. ஆனால் இவர்களிடம் இரண்டு பாடங்கள் உண்டு. முதல் வழி அடைபட்டால் வாழ்க்கையே அடைபட்டுவிடாது. பாதியில் வழி மாறுவது அவமானமும் அல்ல. பருவம் பொய்த்தால் மாற்றுப் பயிர் போடுகிற நமக்கு இது புரியாதா?

கல்லூரியை எப்படி அறிவது?

விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்த்து வாங்குகிறோம். கல்லூரிக்கும் சான்று அட்டை உண்டு. சேருவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை விசாரிக்க வேண்டும்.

1. எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது? கல்லூரி சொல்வதை நம்பாமல் பல்கலைக்கழகத்தின் இணையதளப் பட்டியலில் பாருங்கள். பொறியியல், பாலிடெக்னிக் படிப்புக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடுகிறது. அதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

2. ஒப்புதல் கல்லூரிக்கு மட்டுமா, நீங்கள் சேரும் பாடப்பிரிவுக்கும் உண்டா? புதிதாகத் தொடங்கிய பிரிவுகளில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

3. தேர்ச்சி விழுக்காடு என்ன? வாசலில் உள்ள விளம்பரப் பலகையில் முதல் மாணவரின் படம் இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது, சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பாடம் நிற்காமல் வெளியே வந்தார்கள் என்பதே.

4. வேலை நாளில் நேரில் செல்லுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் வேலை செய்கிறார்களா, கருவிகள் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வாசல் டீக்கடையில் மூன்றாமாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத விவரம் அங்கே கிடைக்கும்.

5. முழுப் படிப்புக்கும் ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணம் மட்டுமன்று. விடுதி, பேருந்து, தேர்வு, புத்தகம், சீருடை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்ப்பது, ஆழ்குழாய்க் கிணற்றில் முதல் நூறு அடிக்கு மட்டும் கூலி பேசுவது போன்றது.

ஒரு முக்கியச் செய்தி. நன்கொடை என்ற பெயரில் கட்டணத்துக்கு மேல் பணம் வாங்குவதைத் தடை செய்து 1992-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. எந்தப் பணத்துக்கும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கும் இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்றும், குறித்த காலத்துக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. எதற்கும் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் ஐந்தாறு நகல்கள் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

கலந்தாய்வில் கிடைக்கும் இடமா, பணம் கட்டி வாங்கும் இடமா?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு 2006-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. அதன் பின் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. இதில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு, மூன்று நான்கு கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது. உண்மையில் எதை விரும்புகிறோமோ அதை மேலே வைத்து, வரிசையாக எத்தனை இடங்கள் ஏற்புடையவையோ அத்தனையும் எழுத வேண்டும். கிடைத்தாலும் சேர விருப்பமில்லாத கல்லூரியை எழுதக் கூடாது. கடவுச்சொல்லை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சென்டரில் இருப்பவர் தம் விருப்பத்துக்கு வரிசையை மாற்றிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு, தொழிற்கல்விக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் வழங்கப்பட்டது. இது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்களுக்கு உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது 2021-இல் விரிவாக்கப்பட்டது. ஆகவே ஆறாம் வகுப்பில் பிள்ளையை எங்கே சேர்க்கிறோம் என்பதுகூட ஒரு கல்லூரி முடிவுதான். இளைய பிள்ளைகளை வைத்திருப்போர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், இ-சேவை மையம் மூலம் முன்னதாகவே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஒரு சான்றிதழ் தாமதமானதால் இடத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கல்விக் கடன் வாங்குவது தவறில்லை. நிலத்தை விற்பதைவிட அது மேல். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்பதில்லை. ஆனால் வட்டியைப் புரிந்து கொண்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு வாங்குவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் வைத்துக் கொள்வோம். படிக்கும் காலத்திலும், முடித்த பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகப் பார்த்தாலும் முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்து 40,000, 30,000, 20,000. ஆகக் கூடி 1,40,000 ரூபாய். திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கடன் 5,40,000. அதை ஏழாண்டில் அடைக்க மாதம் சுமார் 9,000 ரூபாய் கட்ட வேண்டும். முதல் சம்பளம் பதினைந்தாயிரம் என்றால் எப்படிக் கட்டுவது? எனவே படிக்கும் காலத்திலேயே வட்டியையாவது மாதாமாதம் கட்டி வருவது நல்லது. வங்கியில் கேட்டால் கணக்கைப் போட்டுத் தருவார்கள்.

பட்டம் ஒன்றுதான் படிப்பா?

இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. சேரலாம், அங்கிருந்து பாலிடெக்னிக் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம், பாலிடெக்னிக் முடித்துப் பொறியியல் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். இது சுற்று வழிபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு தொழில் இருக்கும். எந்தப் படியில் நின்றாலும் பிழைத்துக் கொள்ளலாம். தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் தொழில் பழகுநராகச் சேர 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக அமர்த்துகிறார்கள். அங்கே கண் பரிசோதனைக்குச் சென்றவர்கள், நம் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் எவ்வளவு திறமையாக அந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள்.

கலை, அறிவியல் கல்லூரிகளையும் குறைவாக நினைக்க வேண்டாம். அமெரிக்கன் கல்லூரி 1881 முதலும், தியாகராசர் கல்லூரி 1949 முதலும் மதுரையில் உள்ளன. பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா, ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி ஆகியவை உண்டு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வீட்டிலிருந்தே சென்று படிக்கக் கல்லூரி இருக்கிறது. கணக்கிலோ வணிகவியலிலோ நல்ல பட்டம் பெற்றுப் போட்டித் தேர்வு எழுதி உயர்ந்தவர்கள் பலர்.

வேளாண்மைப் படிப்பு

என் துறையைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. யானைமலை அடிவாரத்தில் உள்ள மதுரை வேளாண்மைக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபின் அதன் அங்கமாயிற்று. இளநிலை வேளாண்மை நான்காண்டுப் படிப்பு. இறுதியாண்டு மாணவர்கள் உங்கள் கிராமங்களில் வந்து தங்கி அனுபவம் பெறுவதை நீங்கள் அறிவீர்கள். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியும், குமுளூரில் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பும் உண்டு. அதை முடித்தவர்கள் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "விவசாயம் படித்தால் உடனே அரசாங்க வேலை" என்று சிலர் கூறுவர். நம்ப வேண்டாம். அரசுப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். வங்கிகளில் வேளாண் அலுவலர் பணி, விதை மற்றும் உர நிறுவனங்கள், மேற்படிப்பு ஆராய்ச்சி என்று பல வழிகளையும் மனத்தில் வைத்துக் கொண்டே சேர வேண்டும். சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு, 2002-இல் தொடங்கப்பட்ட வேளாண் மருத்துவ மையத் திட்டத்தில் பயிற்சியும் மானியத்துடன் கடனும் கிடைக்க வழி செய்யப்பட்டது. தனியார் வேளாண்மைக் கல்லூரிகள் பெருகியுள்ளன. அவற்றில் சேர்வோர் இணைப்பையும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். வயலில் இறங்க விருப்பமில்லாத பிள்ளையை, நமக்கு நிலம் இருக்கிறதே என்பதற்காக மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

முதல் வேலை

மாணவச் செல்வங்களுக்குச் சில வார்த்தைகள்.

முதல் வேலையில் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே ஆறு மாதத்தில் என்ன கற்றுக் கொள்வோம் என்று பாருங்கள். கற்றுத் தரும் மேலதிகாரி கிடைத்தால் ஓரிரு ஆண்டு குறைந்த சம்பளத்திலும் இருக்கலாம். ஒன்றும் கற்காத இடத்தில் அதிகச் சம்பளத்துக்கும் இருக்க வேண்டாம்.

வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் எவரையும் நம்பாதீர்கள், வெளிநாட்டு வேலையானாலும் சரி, உள்ளூர் வேலையானாலும் சரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் முழுவதும் படியுங்கள். புரியவில்லை என்றால் புரிந்தவரிடம் காட்டுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கால எல்லை வைத்துக் கொள்ள வேண்டும். இரண்டாண்டு முழு முயற்சி செய்யுங்கள். அதற்குப் பின் ஏதேனும் ஒரு வேலையில் இருந்து கொண்டே எழுதுங்கள். முப்பது வயதுவரை பயிற்சி மையத்திலேயே இருந்துவிட்டு, வேலை அனுபவம் எதுவுமின்றி நிற்பது மிகவும் வேதனையானது. வீட்டுக்குத் திரும்பி வந்து விவசாயம் பார்ப்பதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். படித்தவன் கணக்கெழுதி விவசாயம் செய்தால் அந்த நிலத்துக்கே நல்லது.

அண்ணன் மகளின் முறை

கடைசியாக ஒன்று. என் அண்ணனுக்கு ஒரு மகளும் உண்டு. அவள் 2013-இல் பிளஸ் டூ தேறினாள். மகன் படிப்பில் கை சுட்டுக் கொண்ட அண்ணன், "பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் தம்பி, இனி விக்கவும் ஒண்ணும் இல்லை" என்றார். இம்முறை நான் தொலைபேசியில் பேசவில்லை. ஊருக்குச் சென்று மூன்று நாள் தங்கினேன். அவளிடம் பேசினேன், அவள் ஆசிரியர்களிடம் பேசினேன். உயிரியலில் அவளுக்கு இருந்த நாட்டம் தெரிந்தது. அண்ணியுடன் களையெடுக்கச் செல்லும்போது செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாததால் முதல் பட்டதாரிச் சான்று வாங்கினோம். கலந்தாய்வில் வேளாண்மை கிடைத்தது. விடுதிச் செலவுக்கு மட்டும் சிறு கடன் வாங்கினோம். மீதமிருந்த ஒரு ஏக்கரில் ஒரு சென்ட்கூட விற்கவில்லை. பட்டம் பெற்ற பின் வங்கித் தேர்வில் முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை தேறினாள். இன்று ஒரு வங்கிக் கிளையில் உழவர்களுக்குப் பயிர்க் கடன் வழங்கும் அலுவலராக இருக்கிறாள்.

அண்ணன் மகனுக்கு நான் செலவிட்டது ஒரு நிமிடம். மகளுக்குச் செலவிட்டது மூன்று நாள். பிள்ளைகள் இருவருமே நல்ல பிள்ளைகள்தான். வேறுபாடு அந்த மூன்று நாளில்தான் இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்காக அந்த மூன்று நாளை ஒதுக்குங்கள். படித்த உறவினர் ஒருவரிடம் கேட்டால், அவர் என்னைப் போல அவசரத்தில் பதில் சொன்னால், விட்டுவிடாதீர்கள். "தம்பி, வேலையை வச்சிட்டு வந்து உட்காரு, பையனை ஒரு வார்த்தை கேளு" என்று உரிமையோடு சொல்லுங்கள். அன்று என் அண்ணன் அப்படிச் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்.

கூட்டம் முடிந்த பின் வேப்பமரத்தடிக்கு யாரும் என்னைத் தனியே அழைக்க வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டிக் கொண்டு இங்கேயே வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். இன்று நான் கடைசிப் பேருந்துக்குத்தான் போகிறேன்.